‘பகைவர்’ எனப்பட்டோர்: தில்லியின் 1857 நினைவுப் பலகைகளும் அவற்றின் திருத்தங்களும்

கல்வெட்டு என்றவுடன் தமிழ் ஆய்வாளர் மனத்தில் தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்தும் தோன்றும். கடந்த இரு நூற்றாண்டுகளில் சாலையோரங்களிலும் பழைய வாயில்களிலும் பதிக்கப்பட்ட சலவைக்கல் பலகைகள் தோன்றுவதில்லை. அவற்றின் எழுத்தைப் படித்தறிய முயற்சி வேண்டியதில்லை என்பது இதற்குக் காரணமாகலாம். எளிதில் படிக்கக்கூடியது எளிதில் விளங்கியும் விடும் என்னும் எண்ணம் பொதுவாக உண்டு. தில்லியில் 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் குறிக்கும் பலகைகள் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. அங்கே ஆண்டோர் பதித்த வாசகமும், அவர்கள் நீங்கிய பின்னர் வந்த அரசு அதனைத் திருத்திப் பதித்த வாசகமும் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன. பழைய சொல் அழிக்கப்படவில்லை. அதன் பொருளே மறுக்கப்பட்டுள்ளது. சொற்பொருளியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இத்திருத்தங்களைப் பனுவல்களாகக் கொண்டு மதிப்பிடுவது பயனுடையது. அவ்வாறு மதிப்பிடும்போது, திருத்தியோர் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டனர், வாக்கியத்தைத் தொடவில்லை என்பது புலனாகும்.

லோதியன் சாலை வாயில்

காஷ்மீர் வாயிலுக்கு அருகே, லோதியன் சாலையின் நடுத்திட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆயுதக் கிடங்கின் எஞ்சிய வாயில் நிற்கிறது. 1857 மே 11ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகருக்குள் நுழைந்தபோது, லெப்டினன்ட் வில்லோபியின் தலைமையில் இருந்த சிறு குழுவினர் இக்கிடங்கைச் சில மணி நேரம் காத்து, இனி இயலாது என்ற நிலையில் வெடிமருந்துக்குத் தீயிட்டனர். 1888இல் அன்றைய இந்திய அரசு பதித்த ஆங்கிலப் பலகை இதனைக் கூறுகிறது. அதன் கருத்தைத் தமிழில் ஏறத்தாழ இவ்வாறு தரலாம்: உறுதி வாய்ந்த ஒன்பது ஆங்கிலேயர், பெருந்தொகையினரான கிளர்ச்சியாளரையும் கலகப் படையினரையும் எதிர்த்து நான்கு மணி நேரத்திற்கும் மேலாகக் கிடங்கைக் காத்தனர், எதிர்ப்பட்டோர் மதில்மேல் ஏறிவிட, உதவி வரும் என்னும் நம்பிக்கையும் அற்றபோது, இத்தீரர்கள் அதனைக் கொளுத்தினர், இவ்வீரக் குழுவினருள் ஐவர் வெடிப்பில் மாண்டனர், அவ்வெடிப்பு அதே வேளையில் பகைவர் பலரை அழித்தது.

காத்தோர்க்கு மூன்று அடைகள் உள்ளன, எண்ணிக்கை உண்டு, ஒவ்வொருவர் பெயரும் உண்டு. எதிர்ப்பக்கத்தார்க்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ‘பெருந்தொகையினர்’, ‘பலர்’ என்னும் அளவுச் சொற்களே உள்ளன. இது எல்லாப் போர் நினைவுகளுக்கும் பொது எனக் கூறி விட்டுவிடலாம். வினைகளை நோக்கினால் வேறுபாடு இன்னும் ஆழமானது என்பது தெரியும். ஆங்கிலேயர் ‘மாண்டனர்’, இது செயப்படுபொருள் குன்றிய வினை, இறந்தோரே அதன் எழுவாய். பகைவரோ ஆங்கில மூலத்தில் ‘டெஸ்ட்ராய்’ என்னும் வினையின் செயப்படுபொருளாக வருகின்றனர். கட்டடம், கப்பல், பயிர் ஆகியவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும் வினை இது. அதற்கு எழுவாயாக நிற்பதும் தீயிட்ட ஒன்பதின்மர் அல்லர். ‘வெடிப்பு’ என்னும் அஃறிணைப் பெயர். கொன்றவரும் வாக்கியத்தில் இல்லை; கொல்லப்பட்டோரும் மனிதராக இல்லை.

தமிழாக்கத்தில் இந்நிலை அப்படியே நிற்க இயலாது என்பது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் ‘தி எனிமி’ என்பது தொகுதிப் பெயர். ‘மெனி’ என்பது மனிதர்க்கும் மரங்களுக்கும் பொது. தமிழ் திணை வேறுபாட்டை வற்புறுத்துவதால் ‘பலர்’ என்றோ ‘பல’ என்றோ சொல்லியே ஆகவேண்டும். ‘பலர்’ என்று எழுதிய கணத்தில் அங்கே இறந்தோர் உயர்திணை ஆகிவிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் எவ்வித அரசியல் விருப்பமும் இன்றியே மூலம் மறைத்த ஒன்றை வெளிக்கொணர்கிறார். இலக்கணம் செய்யும் இத்திருத்தம், பின்னர் அரசு செய்த திருத்தத்தைவிடச் சிறந்தது எனலாம்.

விடுதலைக்குப் பின்னர் அதே வாயிலில் இரண்டாவது பலகை ஒன்று சேர்க்கப்பட்டது. மேலுள்ள வாசகத்தில் ‘கிளர்ச்சியாளர், கலகப் படையினர்’ என வருணிக்கப்பட்டோர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையிலிருந்த படையின் இந்திய உறுப்பினர்கள். அயல் அரசைக் கவிழ்க்க முயன்றுகொண்டிருந்தவர்கள் என்பது அதன் செய்தி. இவ்வாக்கியம் அகராதிப் பதிவின் அமைப்புடையது. ‘இன்ன சொல்லுக்கு இன்ன பொருள்’ என்று மட்டும் கூறுகிறது. புகழ்ச்சி இல்லை, அடைமொழி இல்லை. அடக்கமான இந்நடையை ஒருவகையில் பாராட்டலாம். ஆனால் அகராதியாகக் கொண்டு பார்த்தால் அதன் பொருள் வரையறை பிழையுடையது. ‘ரெபெல்’, ‘மியூட்டினியர்’ என்னும் இரண்டும் ஒருபொருட் பன்மொழி அல்ல. பின்னது படைக் கட்டுப்பாட்டை மீறிய வீரனை மட்டும் குறிக்கும். முன்னது ஆட்சிக்கு எதிராக எழும் எவரையும் குறிக்கும். 1857 மே 11 அன்று கிடங்கைச் சூழ்ந்தவருள் சிப்பாய்களோடு நகர மக்களும் இருந்தனர். 1888ஆம் ஆண்டுப் பலகை பகைமை உணர்வோடாயினும் இரு சொற்களை ஆண்டு இருசாராரையும் குறித்தது. திருத்தப் பலகை இரண்டையும் ‘படையின் இந்திய உறுப்பினர்கள்’ என்னும் ஒரே தொடருக்குள் அடக்கியதால், தில்லி நகரத்தார் தம் நகரின் வரலாற்றிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மேலும், திருத்தம் இவ்விரு சொற்களையே எடுத்துக்கொண்டது. இறுதி வாக்கியத்தின் ‘பகைவர்’ தொடப்படாமல் கல்லில் இன்றும் உள்ளது.

மேட்டின்மேல் உள்ள கோபுரம்

அச்சொல் திருத்தம் பெற்றது வேறோர் இடத்தில். நகருக்கு வடக்கே, ரிட்ஜ் எனப்படும் பாறைமேட்டில், 1863இல் கட்டப்பட்ட செந்நிற மணற்கல் கோபுரம் உள்ளது. காதிக் பாணியிலான எண்கோணக் கட்டடம். 1857 மே 30 முதல் செப்டம்பர் 20 வரை போரிலும் காயத்தாலும் நோயாலும் இறந்த ‘தில்லி களப்படை’யின் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும், ‘பிரித்தானியரும் நேட்டிவ்களும்’ ஆகிய இருசாரார்க்கும், இது நினைவாக எழுப்பப்பட்டது. அவர்தம் இழப்புக்கு வருந்தும் தோழர்களும், அவர்கள் நன்கு பணிபுரிந்த அரசும் எழுப்பியது என்று அதன் வாசகம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

1972 ஆகஸ்ட் 28ஆம் நாள், விடுதலையின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, இங்கு ஒரு புதிய பலகை திறக்கப்பட்டது. இந்நினைவுச் சின்னத்தின் வாசகங்களில் வரும் ‘பகைவர்’, 1857இல் குடியேற்ற ஆட்சிக்கு எதிராக எழுந்து தேச விடுதலைக்காகத் தீரத்துடன் போரிட்டவர்கள் என்று அது கூறுகிறது. இந்திய விடுதலையின் அழிவற்ற தியாகிகளான அவர்தம் வீரத்தின் நினைவாகத் தன்னை நிறுவிக்கொள்கிறது. லோதியன் சாலைப் பலகையோடு ஒப்பிட இது மேலானது. ‘எழுந்தவர்கள்’ என்னும் வினையாலணையும் பெயர் சிப்பாயையும் நெசவாளியையும் கடைக்காரனையும் ஒருங்கே தழுவும்; எவரையும் விலக்காது.

இதில் மொழியியலாரின் கவனத்துக்கு உரியது மேற்கோள் குறி. ‘எனிமி’ என்னும் சொல்லை இருபுறமும் குறியிட்டுக் கல்லில் வெட்டியுள்ளனர். சொல்லை வழங்குவதற்கும் சொல்லைச் சுட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏரணவியலார் விரிவாகப் பேசுவர். அவ்வேறுபாட்டை ஓர் அரசு பொதுவிடத்தில் கல்லில் பொறித்ததற்கு இது அரியதோர் எடுத்துக்காட்டு. ஐரோப்பிய மொழிகள் நிறுத்தக்குறியால் செய்யும் இவ்வேலையைத் தமிழ் ‘என்’ என்னும் வினையடியால் செய்யும். ‘பகைவர் எனப்பட்டோர்’ என்றால் போதும். குறி தேய்ந்து மறைந்தாலும் பொருள் மாறாது. தமிழாக்கத்தில் மேற்கோள் குறியை மட்டும் இட்டு ‘என’வை விடுவது ஆங்கில வழக்கின் நிழல், அதனைத் தவிர்ப்பது நன்று.

எனினும் 1972ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கும் குறைகள் உண்டு. முதலாவது, கோபுரத்திற்குச் சூட்டிய புதிய பெயர். ‘அஜீத்கட்’ என்றால் வெல்லப்படாதாரின் கோட்டை. ஆனால் 1857 சூன் முதல் செப்டம்பர் வரை இம்மேட்டில் பாசறை அமைத்திருந்தவர்கள் ஆங்கிலேயர். நகருக்குள்ளிருந்து சிப்பாய்கள் பலமுறை வெளிப்போந்து தாக்கியும் இம்மேட்டைக் கைப்பற்ற இயலவில்லை. ஆகவே இடத்தோடு பொருத்திப் பார்த்தால் ‘வெல்லப்படாதார்’ என்னும் பெயர் யாரை மறுக்க எழுந்ததோ அவரையே சென்று சேர்கிறது. பெயர் சூட்டியோர் பொருளை நோக்கினர், இடத்தை நோக்கவில்லை.

இரண்டாவது குறை இதனினும் கடியது. களப்படையில் சீக்கியரும் கூர்க்கரும் பஞ்சாபியரும் பட்டாணியரும் பெருந்தொகையாக இருந்தனர். இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் கணக்கைக் கோபுரத்தின் பலகை ஐரோப்பியர், நேட்டிவ் எனத் தனித்தனிப் பத்திகளாகத் தருகிறது. 1972ஆம் ஆண்டுப் பலகை ‘பகைவர்’ என்னும் சொல்லைத் திருத்தியது. ‘நேட்டிவ்’ என்னும் சொல்லைப் பார்க்கவே இல்லை. அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்தோர் தியாகிகள் எனில், அவர்களை எதிர்த்துப் போரிட்டு அதே மண்ணில் மாண்ட இந்தியர் யார் என்னும் வினாவுக்கு அதில் விடை இல்லை. துரோகி என்றும் சொல்லவில்லை. தன்னவர் என்றும் சொல்லவில்லை. ‘நேட்டிவ்’ பத்தியில் எண்ணாக நின்றோர் எண்ணாகவே நிற்கின்றனர்.

இச்சொல்லைத் தமிழாக்குவோர் ஒரு சுவையான இடருக்கு ஆளாவர். ‘நேட்டிவ் ஸ்டேட்’ என்பதைச் ‘சுதேச சமஸ்தானம்’ எனத் தமிழ் வழங்கிற்று. அவ்வழியே சென்றால் ‘நேட்டிவ்’ வீரர் ‘சுதேச வீரர்’ ஆவர். ஆனால் 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய பின்னர் அச்சொல் முற்றும் வேறொரு நிறம் பெற்றுவிட்டது. ஆங்கிலேயருக்காக இறந்தவரைச் ‘சுதேசி’ என்றால் இன்றைய வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘உள்நாட்டார்’ என்பது நிறமற்றது. ஆயினும் ‘நேட்டிவ்’ சுமந்த இழிவை அது சுமக்காது. ‘நேட்டிவ்’ என ஒலிபெயர்த்து விடுவதே இங்குத் தக்கது. இழிவும் மூலத்தின் ஒரு பகுதி.

‘மார்ட்டர்’ என்பதைத் ‘தியாகி’ என்பதிலும் ஓர் இடைவெளி உண்டு. கிரேக்க மூலத்தில் அதன் பொருள் சாட்சி. அரபியின் ‘ஷஹீத்’ என்பதும் அவ்வாறே சாட்சியைச் சுட்டும் வேரினின்று பிறந்தது. ‘தியாகி’யோ கொடுப்பவன், விக்கிரம சோழன் ‘தியாகசமுத்திரம்’ எனப்பட்டது கொடையால். விடுதலைப் போராட்ட வழக்கில் சிறை சென்று மீண்டு உதவித்தொகை பெற்றவரும் தியாகியே. எனவே உயிர் நீத்ததைத் தனியே சொல்லாமல் ‘தியாகி’ என்று மட்டும் எழுதினால் பொருள் குறைபடும்.

கோபுரத்திற்கு அண்மையில் அசோகன் தூண் ஒன்று உள்ளது. அதன் அடியில் உள்ள ஆங்கிலப் பலகை, தூண் அசோக மன்னனால் மீரட்டில் நிறுவப்பட்டதையும், பிரோஸ் ஷாவால் 1356இல் இங்குக் கொணரப்பட்டதையும், 1713க்கும் 1719க்கும் இடையில் வெடிமருந்து வெடித்ததால் வீழ்ந்து ஐந்து துண்டுகளானதையும், 1867இல் பிரித்தானிய அரசால் மீண்டும் நிறுத்தப்பட்டதையும் சொல்கிறது. நான்கு ‘ஆல்’ உருபுகள். மூன்று ஆள்வோரையும் ஒரு வெடிப்பையும் சார்ந்தவை. அசோகன், பிரோஸ் ஷா, பிரித்தானிய அரசு என்னும் வரிசை தானே உருவாகிறது. ஒரு பொய்யும் சொல்லாமல் வாக்கிய அமைப்பால் மட்டுமே மரபுரிமை கோரும் திறம் இது. அரசன் இவ்வாறு கூறுகிறான் எனத் தொடங்கும் அசோகன் தூண் சாசனங்களில் பேசுவோன் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். கீழுள்ள பலகையில் அது கடைசியில்தான் தெரிகிறது.

கலகம் என்னும் சொல்

இப்பலகைகளின் பின்னே பெயரிடும் சிக்கல் ஒன்று நெடுங்காலமாக உள்ளது. 1909இல் சாவர்க்கர் தம் நூலுக்கு விடுதலைப் போர் எனத் தலைப்பிட்டார். 1957இல் ஆர்.சி. மஜும்தார் ‘சிப்பாய்க் கலகம்’, ‘கிளர்ச்சி’ என்னும் இரு சொற்களையும் தலைப்பில் வைத்தார். அதே ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட நூலுக்கு எஸ்.என். சென் ஆண்டின் எண்ணை மட்டுமே பெயராக்கினார். ஒரு சொல்லும் பொருந்தாதபோது எண் பெயராவது தில்லியின் பேச்சு வழக்குக்கும் புதிதன்று.

இந்துஸ்தானியில் ‘கதர்’ என்னும் சொல்லும் வழங்கிற்று. நூல்நூற்புக் கதரோடு இதற்குத் தொடர்பில்லை; அரபியில் இதற்கு வஞ்சகம், நம்பிக்கைத் துரோகம் எனப் பொருள். ஆண்டோர் பார்வையிலான இவ்வசைச் சொல்லை 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தியப் புரட்சியாளர்கள் தம் கட்சிக்கும் இதழுக்கும் பெயராக ஏற்றனர். வசை புகழாயிற்று. தில்லிப் பலகைகள் செய்ததற்கு நேர்மாறான வழி இது. பலகைகள் ‘அச்சொல் எம்மவர்க்குப் பொருந்தாது’ என்றன. கதர்க் கட்சியினர் ‘பொருந்தும்’ என்றனர்.

தமிழில் ‘சிப்பாய்க் கலகம்’ என்பதை ஆங்கிலத்தின் நகல் எனக் கடிந்து ‘புரட்சி’, ‘விடுதலைப் போர்’ என மாற்றுவது பாடநூல்களில் பரவியுள்ளது. 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததும் ‘கலகம்’, ‘புரட்சி’ என இரு பெயரும் பெறும். ஆனால் ‘கலகம்’ தமிழில் முற்றும் இழிசொல் அன்று. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது பழமொழி. அண்மைக்கால இலக்கியத் திறனாய்வில் ‘கலகக் குரல்’ பாராட்டுச் சொல். ‘மியூட்டினி’க்கு இவ்விரட்டைத் தன்மை இல்லை. ஆதலால், ஆண்டோரின் பலகையை மொழிபெயர்க்கும்போது ‘கலகம்’ என்பது மூலத்தைவிட மென்மையானது என்பதையும், ‘புரட்சி’ என்பது மூலத்திற்கு எதிரானது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் உணர்ந்திருத்தல் வேண்டும். மூலம் வைதிருந்தால் மொழிபெயர்ப்பும் வையவேண்டும். திருத்துவது அடுத்த பலகையின் வேலை.

நடுகல்லோடு ஓர் ஒப்பீடு

பெயர்ச்சொல்லை மாற்றியும் வாக்கியம் மாறவில்லை என்று மேலே கூறப்பட்டதன் பொருள், தமிழ் நடுகற்களோடு ஒப்பிடும்போது தெளிவாகும். தில்லிப் பலகைகளைப் போன்றே நடுகல்லும் வழியோரத்தில் நின்று, போவோர் வருவோரை நிறுத்தி, இன்னார் இன்ன பூசலில் இறந்தார் எனச் சொல்வது. 1972ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. அக்கற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முன்னே வரும். இறந்தவன் பெயரும் பூசலும் அடுத்து வரும். ‘பட்டான்’ என்னும் முற்றோடோ அதனை ஒட்டிய ‘கல்’ என்னும் பெயரோடோ முடியும். ‘படு’ என்பது தாக்குண்டு வீழ்தல். எழுவாய் இறந்தவனே. இவ்வினையே பின்னர்த் துணைவினையாகி ‘கொல்லப்பட்டான்’, ‘அழிக்கப்பட்டது’ எனச் செயப்பாட்டு வினையை ஆக்கியது. நடுகல்லில் மரணத்தின் முழுப் பொருளையும் தாங்கிய சொல், இன்றைய அறிவிப்புப் பலகைகளில் செய்தவனை மறைக்கும் கருவியாகியுள்ளது.

நடுகல் எதிரிக்கு நியாயம் வழங்குகிறது என்று கூறிவிட இயலாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், எதிர்ப்பக்கத்தார் ‘கள்ளர்’ என்றே குறிக்கப்படுகின்றனர். ஆயினும் அதே கல்லில், வீரனோடு நின்று அக்கள்ளர் இருவரைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்னும் பெயரும் உண்டு. மேலும் இம்மரபு ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆநிரை மீட்டு இறந்தோர்க்கும் கல் உண்டு. கவரச் சென்று இறந்தோர்க்கும் கல் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல் ஒன்று ‘ஆகோள்’ என்றே பூசலைக் குறித்து, அதில் இறந்த அந்துவனின் பெயரைக் காக்கிறது. ஒரு கல்லில் கள்வன் எனப்பட்டவன் மற்றொரு கல்லில் பெயரோடு நிற்க வழி இருந்தது.

தில்லியின் திருத்தப் பலகைகள் இரண்டும் இவ்வழியை மேற்கொள்ளவில்லை. 1888ஆம் ஆண்டுப் பலகையில் ஒன்பது பெயர்கள் உள்ளன. காஷ்மீர் வாயிலில் 1876இல் நேப்பியர் பிரபு பதித்த பலகையில், வாயிலைத் தகர்த்த குழுவினரின் பெயர்களோடு அக்குழுவிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலரின் பெயர்களும் உள்ளன. விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட இரு திருத்தங்களிலும் ஒரு பெயர்கூட இல்லை. ‘பகைவர்’ என்னும் பெயரற்ற தொகுதி, ‘தியாகிகள்’ என்னும் பெயரற்ற தொகுதியாகியுள்ளது. நகரை வழிநடத்திய சுபேதார் பக்த்கானின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. 1857 செப்டம்பர் 22இல் ஹாட்சனால் சுட்டுக் கொல்லப்பட்ட முகலாய இளவரசர்கள் மிர்சா முகல், கிசர் சுல்தான், அபூபக்கர் ஆகியோர் பெயர்களும் அறியப்பட்டவையே. அவர்கள் இறந்த வாயிலை மக்கள் ‘கூனி தர்வாசா’ (குருதி வாயில்) என்கின்றனர். நகரத்தார் மொழியில் நிற்கும் நினைவுப் பலகை அப்பெயர் ஒன்றே.

திருத்தம் பெறாத பலகை

லோதியன் சாலை வாயிலுக்கு அருகே 1902இல் தந்தித் துறையினர் எழுப்பிய கல்தூண் ஒன்று நிற்கிறது. 1857 மே 11 அன்று தில்லியிலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பிய தந்தி ஊழியரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. மின்தந்தி இந்தியாவைக் காப்பாற்றியது என்னும் கருத்துடைய வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இதற்கு எதிர்ப்பலகை இல்லை. ‘கலகப் படையினர்’, ‘பகைவர்’ ஆகிய சொற்கள் கண்ணில் பட்டு உறுத்தியதுபோல் இச்சிறு வாக்கியம் உறுத்தவில்லை போலும். அதில் வசைச்சொல் எதுவும் இல்லை. அதன் சிக்கல் ‘இந்தியா’ என்னும் சொல்லில் இருக்கிறது. 1902இல் அச்சொல் சுட்டியது ஆங்கிலேயரின் உடைமையை. இன்று சுட்டுவது வேறு. ‘தந்தி இந்தியாவைக் காப்பாற்றியது’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் வாசகர் தம்மையே காப்பாற்றியதாகக் கொள்வார். ‘இந்திய ஆட்சியை’ எனப் பெயர்த்தால் பொருள் நேராகும். ஆனால் மூலம் எதனை மறைத்து நின்றதோ அதனை மொழிபெயர்ப்பு வெளிப்படுத்திவிடும். முன்னதில் சொல் பிழையாது, சுட்டு பிழைக்கும். பின்னதில் சுட்டு பிழையாது, மூலத்தின் குரல் மாறும். ‘ஆங்கிலேயரின் இந்தியாவை’ என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. வழிகாட்டி நூல் எழுதுவோர் இதனை மேற்கொள்ளலாம். ஆய்வுப் பதிப்பில் ‘இந்தியாவை’ என்றே வைத்து, அச்சொல்லின் அக்காலச் சுட்டைக் குறிப்பில் தருவது பொருந்தும்.